அறுபது சென்டிமீட்டர்

முஹரக்கில்
பவளக்கல் சுவர்கள் உப்பாய் உதிரும் சந்தொன்று
முடிகிற இடத்தில் அந்தத் தோட்டம்.
பதினொரு சென்ட்கூட வராது.

அளக்கப் போன முதல்நாள்
கதவில் பெரிய பூட்டு.
கதவுக்கு வலப்பக்கம் சுவரே இல்லை.
பூட்டுக்கு மரியாதையாய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு
சுவரில்லாத வழியே நுழைந்தேன்.

வறண்ட நீரூற்றுத் தொட்டிக்குள்
ஒரு பூனை, நான்கு குட்டிகள்,
மோர் பாட்டில் மூடிகள்,
யாரோ விட்டுப்போன இடதுகால் ஷூ.
நடுவில் இங்கே லோஸ் என்கிறார்களே அந்த மரம்.
நம் நாட்டு வாதாம்தான்.
வேரால் சிமென்ட் ஓடுகளை நெம்பித் தூக்கிவிட்டு
ஒன்றும் அறியாததுபோல் நின்றது.

அதன் அடியில் ஏழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.
ஜூலை, நண்பகல், நாற்பத்தாறு டிகிரி.
ஹெல்மெட்தான் தலையணை.
காலியான டெலிவரிப் பெட்டிகளில்
யார் வீட்டுக்கோ போய்ச்சேர்ந்த பிரியாணியின் வாசம்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
கண்விழித்த ஒருவன்
கேட்காமலே வந்து பிடித்தான்.
மொஃபிஜுல், சில்ஹெட்.
"பூங்கா வரப்போகுதா?" என்றான்.
இதுவே பூங்காதான் என்று சொல்ல
எனக்கு இந்தி போதவில்லை.

எங்கள் வரைபடத்தில் மரம் என்றால் ஒரு வட்டம்,
நடுவில் ஒரு கூட்டல் குறி.
விளக்குக் கம்பத்துக்குக் குறி உண்டு,
சாக்கடை மூடிக்கு உண்டு.
தூங்குகிறவனுக்குக் கிடையாது.
ஏழு பேரையும் விட்டுவிட்டு
தோட்டத்தை முழுதாக வரைந்து முடித்தேன்.

மீட்பு என்று கோப்பில் எழுதியிருந்தது.
யாரிடமிருந்து என்று எழுதவில்லை.

குழுத் தலைவி பத்ரியா நல்லவர்.
வேரை வெட்டலாம் என்ற பொறியாளரிடம்
"அப்படியானால் திறப்புவிழாவுக்கு நீங்களே ரிப்பன் வெட்டிக்கொள்ளுங்கள்" என்று
எழுந்து போனவர்.
ஆறு வயதில் அந்தப் பழத்தைத் திருடித் தின்று
பள்ளிச் சீருடையில் கறையோடு அடி வாங்கியவர்.
பெஞ்சுக்குப் படம் கொண்டுவந்ததும் அவர்தான்.
நடுவே கொடிபோல் வளைந்த இரும்புக் கைப்பிடி.
உட்காரலாம், சாயலாம்,
படுக்க முடியாது.
"குடும்பங்கள் வரவேண்டுமே" என்றார்.
வரவேண்டும்தான்.
என் மனைவியும் மகளும் வந்தால்
நானும் அப்படித்தான் சொல்வேன்.

அன்றிரவு மரத்தைச் சுற்றி
எட்டுப் பட்டையாய் ஒரு குட்டைச்சுவர் வரைந்தேன்.
பக்கம் ஒவ்வொன்றும் நூற்றெண்பது.
அகலம் முப்பது என்று போட்டேன்.
பிறகு கட்டிலில் மல்லாந்து
டேப்பை இழுத்து என் தோளை அளந்தேன்.
நாற்பத்தெட்டு.
மேல்கட்டிலில் இருந்த ஞானதிரவியம் எட்டிப் பார்த்து
"சவப்பெட்டிக்கா?" என்றான்.
எழுந்து போய் அறுபது என்று மாற்றினேன்.

"அறுபது எதற்கு? கல் வீண்" என்றார் பொறியாளர்.
"வேர் தள்ளும் சார்."
பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும்.
நல்லவேளை, அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் திறந்தார்கள்.
நீரூற்று, மல்லிகை, மணல்நிற விளக்குகள்.
பூனையை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.
சுவர் எல்லாப் பக்கமும் இருந்தது,
கதவில் பூட்டில்லை.

மறுபடி ஜூனில் ஒரு நண்பகல்
குழாய் அடைப்பு என்று சாக்குச் சொல்லிப் போனேன்.
பெஞ்சுகள் எல்லாம் காலி.
கைப்பிடி தொட்டால் சுட்டது.
மரத்தடிச் சுவரில் ஐந்து பேர்,
பட்டைக்கு ஒருவராய்.

காவலாளி விசிலைக் கையில் வைத்தபடி
அறிவிப்புப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.
பெஞ்சில் படுக்காதீர்கள்.
சுவரைப் பார்த்தார்,
பலகையைப் பார்த்தார்,
விசிலைப் பையில் போட்டுக்கொண்டு
நீரூற்றுப் பக்கம் போய்விட்டார்.

மொஃபிஜுல் அந்த ஐவரில் இல்லை.
வேறு கம்பெனி என்றார்கள், ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள்.
காலியாயிருந்த ஒரு பக்கத்தில்
வாதாம்பழம் ஒன்று விழுந்து வெடித்து
புதுக்கல்லில் கறை.

துடைக்கக் கர்ச்சீப்பை எடுத்தேன்.
பிறகு அதையே விரித்து
உட்கார்ந்துகொண்டேன்,
படுக்கவில்லை,
ஆபீஸ் நேரம்.